மலை ஏறி கவுன்சிலிங் போகிறவர்கள் கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடிப் பக்கத்திலிருந்து கவுன்சிலிங்குக்காகக் கேரளத்துக் குமுளிக்கும் கட்டப்பனைக்கும் போகிறவர்களில் பலர், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே மலை ஏறுகிறார்கள். வண்டிப்பெரியாறு, பீர்மேடு, பூப்பாறைத் தோட்டங்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அதே காரணத்துக்காக மலை இறங்கித் தேனிக்கு வருகின்றன. செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் ரகசியம் பத்திரம் என்ற நம்பிக்கை இரண்டு பக்கமும் இருக்கிறது. இந்தப் பகுதியில் கவுன்சிலிங் வேலையில் இருக்கும் நாங்கள் பார்ப்பது வேறு. தூரம் ரகசியத்தைக் காப்பதில்லை. மொழிபெயர்க்கக் கூட வந்த உறவுக்காரர் வழியாக, வீட்டில் எல்லோரும் எடுக்கும் ஒரே செல்போன் வழியாக, கிளினிக் பெயர் போட்ட பிளாஸ்டிக் கவர் வழியாக அது ஊருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. முதல் சிட்டிங்கில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள், அதற்குப் பிறகு எவ்வளவு உண்மை சொல்கிறீர்கள் என்பதில்தான் கவுன்சிலிங்கின் பலன் பெரும்பகுதி இருக்கிறது.

முதலில், எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேல்படிப்பு படித்த டாக்டர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணை அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டியிருப்பவர் எம்.எஸ்சி. சைக்காலஜியோ எம்.எஸ்.டபிள்யூ.வோ முடித்து நல்ல பயிற்சி எடுத்தவராகவும் இருக்கலாம். சில மாத டிப்ளமாவோடு நின்றவராகவும் இருக்கலாம். சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர் போன்றவர்களையும் சேர்த்து ஒழுங்குபடுத்த 2021-இல் தேசிய அளவில் ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் தகுதி இல்லாத பலகைகள் இரண்டு பக்கமும் தொங்கத்தான் செய்கின்றன. ‘நீங்க என்ன படிச்சிருக்கீங்க, எங்கே பதிவு பண்ணியிருக்கீங்க?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரிடம் உங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. மாத்திரை எழுத உரிமை இல்லாதவர், ‘இதை வாங்கிப் போடுங்க’ என்று தூக்க மாத்திரை பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டோடு அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது.

அடுத்தது மொழி. எல்லைப் பகுதியில் அதிகம் மீறப்படும் உரிமை இதுதான் என்பது எங்கள் எண்ணம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றே. உங்கள் நிலைமை என்ன, என்ன சிகிச்சை தரப் போகிறார்கள், அதில் நன்மை என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்பதையெல்லாம் உங்களுக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகு வாங்கும் சம்மதத்தைத்தான் அந்தச் சட்டம் சம்மதமாக ஏற்கிறது. மலைக்கு மேலே பல இடங்களில் சம்மதப் படிவம் மலையாளத்தில் இருக்கும், இல்லாவிட்டால் இங்கிலீஷில். கவுன்சிலருக்குத் தமிழ் பேச வரும். ஆனால் படிவத்தை நீட்டி, ‘இவிடெ ஒரு ஒப்பு’ என்று பேனாவைக் கொடுத்ததும் நம் ஆட்கள் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். ‘தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. வாசித்துச் சொன்ன பிறகு படிவத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் காதில் விழ வேண்டியவை: ஒரு சிட்டிங் எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா, வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், குறிப்புகளை எங்கே வைப்பார்கள், யார் பார்ப்பார்கள், நெருக்கடியில் யாரைக் கூப்பிடுவது, எந்தச் சூழ்நிலையில் ரகசியத்தை உடைப்பார்கள். ஒரு சிட்டிங் பொதுவாக 45 முதல் 50 நிமிடம். முதல் முறை மட்டும் விவரம் கேட்டு எழுதுவதால் கூடுதலாகும். பயம், தூக்கமின்மை மாதிரி ஒரு குறிப்பிட்ட பிரச்சினைக்குத் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை என்றால் பெரும்பாலும் 6 முதல் 20 சிட்டிங்குக்குள் அடங்கும். ‘முதலிலேயே முப்பது சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்டுங்கள்’ என்றால் கட்ட வேண்டாம்; நாலைந்து முறை போய்ப் பார்த்து, என்ன மாறியிருக்கிறது என்று இருவரும் உட்கார்ந்து பேசிய பிறகு மேலே தொடரலாம்.

மொழிபெயர்க்க ஆள் கூட்டிப் போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி மலைக்குப் போன பெண்ணுக்கு மலையாளம் வராது, நாத்தனாருக்கு வரும். அதனால் நாத்தனார் கூட வருகிறார். அந்தப் பெண் மூச்சு விடாமல் இரண்டு நிமிடம் பேசுகிறாள். மாமியார் கதவைச் சாத்தியது, சாப்பாட்டை எடுத்து ஒளித்து வைத்தது, தான் ராத்திரி எழுந்து கிணற்றடியில் உட்கார்ந்திருந்தது எல்லாம் அதில் வருகிறது. நாத்தனார் கவுன்சிலரிடம் திரும்பி, ‘உறக்கம் இல்ல, வீட்டு நெனப்பு’ என்கிறார். கவுன்சிலர் அதைத்தான் எழுதிக்கொள்கிறார். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை; ஆனால் சிகிச்சை தொடங்கும் முன்பே தடம் மாறிவிட்டது. மொழிபெயர்ப்புக்கு உறவுக்காரர், பக்கத்து லயத்துக்காரர் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), தோட்டத்துக் கங்காணி, குழந்தைகள் ஆகிய யாரும் வேண்டாம். தமிழ் தெரிந்த கவுன்சிலரையோ அங்கே வேலை செய்யும் நர்ஸையோ கேளுங்கள். இல்லையென்றால் தேசியத் தொலைபேசி மனநல சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள்; கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு. உறவுக்காரர் துணைக்கு வருவதில் தப்பில்லை. அவர் வெளியே பெஞ்சில் உட்காரட்டும்.

இனி ரகசியத்தின் எல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிகிச்சை தருகிற எல்லா மருத்துவப் பணியாளர்களையும் ரகசியம் காக்கச் சொல்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு: உங்கள் உயிருக்கு ஆபத்து இருந்தால், உங்களால் இன்னொருவருக்கு ஆபத்து வரும் என்றால், கோர்ட்டோ மனநல மறுஆய்வு வாரியமோ (நோயாளிகளின் உரிமைகளைக் கவனிக்க அதே சட்டத்தின் கீழ் அமைந்த அமைப்பு) உத்தரவிட்டால், பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால், சிகிச்சை தருகிற மற்றவர்களுக்குத் தேவைப்படும் அளவுக்கு, நீங்கள் நியமித்த பிரதிநிதிக்கு. கணவன், மாமியார், எஸ்டேட் மேனேஜர், பள்ளித் தலைமையாசிரியர், பங்குச் சாமியார் ஆகியோர் அந்தப் பட்டியலில் இல்லை. குடிப் பிரச்சினைக்காகத் தோட்ட நிர்வாகம் ஒரு தொழிலாளியைக் கவுன்சிலிங்குக்கு அனுப்புவது உண்டு. பணம் நிர்வாகம் கட்டுகிறது என்பதற்காக உள்ளே பேசியது நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. ‘வந்தார், இத்தனை தடவை வந்தார்’ என்பதற்கு மேல் என்ன எழுதி அனுப்புவீர்கள் என்று முதல் நாளே கேட்டு, அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு சம்மதம் கொடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவரிடம் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி கவுன்சிலர் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை உண்டு. கோயிலில் தாலி கட்டிக்கொண்ட 17 வயதுப் பெண் கர்ப்பமாக வந்தாலும் இதே சட்டம்தான். இந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது கவுன்சிலரின் கடமை. ரகசியம் என்று நம்பிச் சொன்ன பிறகு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றால், அந்தப் பிள்ளை அதற்கப்புறம் எந்தப் பெரியவரையும் நம்பாது. ‘நான் இதைத் தெரிவிக்க வேண்டியிருக்கும், ஆனால் உன்னைத் தனியாக விட மாட்டேன்’ என்று முன்கூட்டிச் சொல்கிறவர்தான் சரியான கவுன்சிலர். குழந்தைகளுக்கான 1098 எண் இரண்டு மாநிலத்திலும் வேலை செய்கிறது.

வெற்றுக் காகிதத்தில் எழுதும் ஒரு உரிமையைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, 18 வயது நிரம்பிய யாரும் தனக்கு ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். முத்திரைத் தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். ‘எனக்கு மனநல சிகிச்சை தேவைப்பட்டு, நானே முடிவெடுக்க முடியாத நிலை வந்தால், என் அண்ணன் இன்னாரை என் பிரதிநிதியாக நியமிக்கிறேன்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். அவரும் சம்மதம் என்று எழுதித் தர வேண்டும். மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண், கணவன் வீட்டு ஆள்தான் இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டியதில்லை; கம்பத்தில் இருக்கும் அக்காவை, நம்பிக்கையான சிநேகிதியை எழுதலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் அவருக்கு உங்கள் சிகிச்சை விவரம் போகும் என்பதை நினைவில் வைத்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று அவரிடம், ஒன்று கிளினிக் பைலில்.

கணவனும் மனைவியும் சேர்ந்து போகிற கவுன்சிலிங்கில் முதல் கேள்வி இதுதான்: ‘நான் தனியாகச் சொல்வதை அவரிடம் சொல்வீர்களா?’ சில கவுன்சிலர்கள் தனியாகச் சொன்னதை வைத்துக்கொள்வார்கள், சிலர் இருவருக்கும் பொதுவானது என்பார்கள். இரண்டும் முறைதான், ஆனால் எது என்று தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டில் அடி நடக்கிறது என்றால் சேர்ந்து உட்காரும் கவுன்சிலிங்கே வேண்டாம். அங்கே வாய் திறந்து சொன்னதற்கு வீட்டுக்குப் போன பிறகு அடி விழும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் கவுன்சிலிங்குக்கு அனுப்பினால், அடித்ததற்குக் காரணம் சொல்லி நியாயப்படுத்த அங்கே அனுமதி கிடையாது. 2006-ஆம் ஆண்டு விதிகள் அதை நேராகவே சொல்கின்றன. ஸ்டேஷனிலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ ‘அனுசரித்துப் போங்க’ என்று எழுதி வாங்குவது சமாதானப் பேச்சு. அதைக் கவுன்சிலிங் என்று சொல்லி உங்களை உட்கார வைத்தால், மறுத்துவிட்டு பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடலாம்.

போன் வழியாகக் கவுன்சிலிங் எடுப்பது கொரோனாவுக்குப் பிறகு இங்கே சகஜமாகிவிட்டது. ஜீப் கூலியும் ஒரு நாள் சம்பளமும் மிச்சம். ஆனால் பல பழைய லயங்களில் வீட்டுக்கு வீடு குறுக்குச் சுவர் கூரை வரை ஏறாது. இங்கே இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அதனால் எல்லோரும் காட்டுக்குப் போயிருக்கும் நேரத்தையோ, வெளியே ஆளில்லாத ஒரு இடத்தையோ முன்கூட்டியே பார்த்து வையுங்கள். இயர்போன் போட்டால் கவுன்சிலர் பேசுவது வெளியே கேட்காது. நீங்கள் பேசுவது கேட்கும். கவுன்சிலர் எடுத்த எடுப்பில், ‘பக்கத்தில் யாராவது இருக்காங்களா, ஆமா இல்லை மட்டும் சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிக் கொடுங்கள். ஆள் வந்துவிட்டால் சொல்ல ஒரு வாக்கியத்தை இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். ‘அக்கா, குழாயில தண்ணி வந்துருச்சு’ என்றால் போனை வைத்துவிட வேண்டும், திருப்பிக் கூப்பிடக் கூடாது. ஜிபேயில் பணம் அனுப்பினால் கிளினிக் பெயர் மெசேஜில் நிற்கும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், போனை எடுக்கிற எல்லோருக்கும் கேட்கும். இதையெல்லாம் கவுன்சிலர் வந்து காப்பாற்ற முடியாது. இது உங்கள் பக்கத்து வேலை.

உங்கள் பக்கத்து வேலையில் பெரியது, உண்மையைச் சொல்வது. வெட்கமான சங்கதிகள் மெதுவாக வரட்டும், அதற்கு நேரம் எடுக்கலாம். உடம்புக்குள் போவதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வாங்கும் மாத்திரை, நாட்டு வைத்தியர் கொடுத்த பொடி, தூக்கத்துக்காக மெடிக்கலில் கேட்டு வாங்கியது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கம் கெடுவது, மண்டைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு வரும். நிறுத்தியதைச் சொல்லாவிட்டால் கவுன்சிலர் அதைப் பழைய வியாதி திரும்பியதாக எண்ணிவிடுவார். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு வாந்தி பேதியில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகும். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

குடி பற்றிய கணக்கு பெரும்பாலும் பாதியாகத்தான் வரும். ‘எப்பவாவது ரெண்டு பெக்’ என்பது உதவாது. ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, எத்தனை வருஷமாக என்று சொல்லுங்கள். கார்த்திகையில் மாலை போடும் அன்றைக்கே குடியை அடியோடு நிறுத்துகிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. விட வேண்டும் என்ற மனசு பெரியது. ஆனால் தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் குழப்பம், இல்லாத உருவம் தெரிவது, கடும் நடுக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்தால் அந்த நாட்களைக் கடக்க மருந்து தருவார்கள். விரதமும் நிற்கும், ஆளும் நிற்பார்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதைச் சொல்வதற்குப் பயப்படாதீர்கள். கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கிறவர்கள் இன்னும் நிறைய. 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்கு சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. ஏலத்தோட்ட வீடுகளில் மருந்தடிக்கும் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். நீங்களும் கவுன்சிலரும் சேர்ந்து முதலில் செய்ய வேண்டியது, அதை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி வேறொருவர் பூட்டி வைக்க ஏற்பாடு செய்வது. யாரிடம் சாவி, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது, 14416 எண், எல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

மற்ற கடமைகள் சாதாரணமானவை. நேரத்துக்குப் போவது. வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்வது. ஜூன், ஜூலை மழையில் குமுளி மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றால் அன்றைக்குப் போனில் பேசலாமா, கட்டணம் பிடிப்பீர்களா என்று மழைக்கு முன்பே பேசி வைப்பது. கேட்காமல் ரெக்கார்ட் பண்ணாமல் இருப்பது. குடித்துவிட்டுப் போகாமல் இருப்பது. குடி நிறுத்தும் குழுவில் உட்கார்ந்தால் அங்கே கேட்டதைத் தோட்டத்தில் பேசாமல் இருப்பது. ஒரே ஜீப்பில் போகிறவர்களாகவே இருப்பார்கள் என்பதால் இது மிகவும் முக்கியம். பயனில்லை என்று தோன்றினால் போவதை நிறுத்திவிட்டு ஒதுங்காமல், ‘நாலு தடவை வந்தேன், எனக்கு எதுவும் மாறலை’ என்று முகத்துக்கு நேரே சொல்வது. நல்ல கவுன்சிலருக்கு அது தேவைப்படும் தகவல். வழியை மாற்றுவார், அல்லது வேறொருவரிடம் அனுப்புவார்.

தொடுவது, ராத்திரி தனிப்பட்ட மெசேஜ், கிளினிக்குக்கு வெளியே சந்திக்கச் சொல்வது, கடன் கேட்பது, மதம் மாற வற்புறுத்துவது, சத்து மாவு டப்பா விற்பது, இவற்றில் ஒன்று நடந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். புகாரை முதலில் அந்த நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு எழுத வேண்டும். சரியான பதில் இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கு மேல் மாநில மனநல ஆணையம். கிளினிக் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து அமைப்புகளுக்குத்தான் போக வேண்டும். இங்கே பலர் தவறான பக்கத்தில் மனு கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பதிவு பெற்ற சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலுக்கும் எழுதலாம். பணம் கட்டிப் பெற்ற சேவையில் குறை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டப்பனைக் கிளினிக் மீது தேனியில் போடலாம், இரண்டு வருஷத்துக்குள். ரசீது கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகவும்தான். உடம்பில் கை வைத்தது குற்றம், அதற்குப் போலீஸ். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐக் கூப்பிடலாம்.

ஏலக்காய் எடுப்பு முடிந்து ஊர் திரும்புகிறவர்களும் கல்யாணமாகி இடம் மாறுகிறவர்களும் பாதியில் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். அடுத்த ஊரில் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிறது. அந்த அலுப்பிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு சொல்லி ஒரு கடைசி சிட்டிங் கேளுங்கள். என்ன பிரச்சினைக்கு வந்தீர்கள், எத்தனை சிட்டிங் நடந்தது, என்ன முறை பலித்தது, என்ன மாத்திரை எந்த அளவில் ஓடுகிறது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி வாங்குங்கள். இங்கிலீஷில் இருந்தால் இரண்டு மாநில டாக்டர்களும் வாசிப்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு உங்கள் மருத்துவப் பதிவைப் பெறும் உரிமையைத் தருகிறது; கடும் மனப் பாதிப்பு வரும் என்று ஏதாவது ஒரு பகுதியை நிறுத்தி வைத்தால், வாரியத்திடம் கேட்கலாம் என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். கடிதத்தைக் கிளினிக் பெயர் இல்லாத சாதாரண கவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், புது ஊரில் டாக்டரைப் பார்க்கும் வரை போதுமான நாட்களுக்கு எழுதித் தரும்படி கிளம்புவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.